கொப்பி வெறுமையாக இருக்கட்டும்

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியை முடித்து, மஸ்கெலியாப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுக்கு வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு, ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் சொல்லிவைப்பது. உங்கள் பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலமும் இல்லை, சிங்களமும் இல்லை. இரண்டும் உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

1. தரம் ஒன்றிலும் இரண்டிலும் ஆங்கிலத்துக்குக் கொப்பி வேண்டாம். 1997இல் வகுத்த கல்விச் சீர்திருத்தமே அந்த இரண்டு வருடத்துக்கும் செயற்பாட்டோடு கூடிய வாய்மொழி ஆங்கிலத்தைத்தான் வைத்தது. முறையான பாடத்தைத் தரம் மூன்றுக்குத்தான் வைத்தது. ஆனால் லயத்தில் அம்மா கொப்பியைத் திறந்துதான் பார்ப்பார். பக்கம் வெறுமையாக இருந்தால், "டீச்சரு ஒன்னுமே சொல்லிக் குடுக்கலையா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஏ முதல் இசட் வரை திரும்பத் திரும்ப எழுதவைக்கிறோம். பிள்ளை முத்து முத்தாக எழுதும். கதவைச் சாத்தும்படி ஆங்கிலத்தில் சொன்னால் கதவுப் பக்கம் திரும்பாது, நம் முகத்தையே பார்க்கும். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, ஆங்கிலத்திலேயே ஏவி, அவர்கள் ஓடி ஓடிச் செய்வதைக் காட்டுங்கள். கொப்பிக் கதை அதோடு நின்றுவிடும். கூட்டத்தைக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் வைக்காதீர்கள், ஓர் ஆளும் வராது.

2. வாய் திறக்காத பிள்ளையை விரட்டாதீர்கள். சொன்னதைக் கேட்டு எழும்புகிறதா, உட்காருகிறதா, சிவப்புப் பென்சிலை எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடுத்தால் மொழி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

3. "சின்ன வயசுதானே, தானாக ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லாதவர் இல்லை. நானும் நம்பிய பேச்சுத்தான். நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலக் குடும்பங்கள் டச்சு பழகியதைப் பார்த்து, கத்தரின் ஸ்னோவும் மரியான் ஹூஃப்னாகல்-ஹொலேயும் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுவரை உள்ளவர்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் பின்தங்கித்தான் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவெல்லாம் டச்சு. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வாரத்தில் சில பாடவேளைகள். சின்ன வயதில் உண்மையான லாபம் கூச்சமின்மை. பிழையாகச் சொல்லவும் வெட்கப்படாத வாய். அந்தக் கூச்சமின்மை இருக்கும்போதே நாளும் கொஞ்சம் கொடுங்கள். பேர் கூப்பிடும்போது, வரிசை பிடிக்கும்போது, கை கழுவும்போது ஆங்கிலத்தில் பேசுங்கள். வாரத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடம் கத்துவதைவிடத் தினமும் பத்து நிமிடம் மேல்.

4. தோட்டத்துப் பேச்சைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெக்டரி, செக்ரோல், டிஸ்பென்சரி, பங்களா என்று கையில் சொற்களோடுதான் பிள்ளை வருகிறது. 'இஸ்டோரு' என்று சொன்னால், முன்னால் வரும் இகரத்தை விளக்கிக்கொண்டு நிற்காமல் எல்லாரையும் பாம்பு மாதிரிச் சீற வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' நீளட்டும், பிறகு 'டோர்'. இகரம் தானாக விழுந்துவிடும்.

5. சிங்களத்துக்குப் பயப்படுகிற தமிழ் ஆசிரியர்கள் அதிகம். உண்மையில் நம் பிள்ளைக்கு ஆங்கிலத்தைவிட அது கிட்ட. 'மம கெதர யனவா' என்பதற்குள் நான், வீட்டுக்கு, போகிறேன் என்ற வரிசை அப்படியே இருக்கிறது, வினை கடைசியில். நாமாவது போறேன், போறான், போறாங்க என்று மாற்றவேண்டும். பேச்சுச் சிங்களத்தில் யார் போனாலும் 'யனவா'தான். எழுத்துச் சிங்களத்தில் அது 'யமி' என்று மாறும். அதெல்லாம் பிறகு. வீட்டில் ஒன்றும் புத்தகத்தில் ஒன்றுமாகத் தமிழைப் பழகிய பிள்ளைக்கு இந்த இரட்டை வழக்கு புதிதில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பூனைக்குச் சொல்லும் சொல்லின் நடுவில் வருகிற ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. பிள்ளை அதை 'ஏ' என்றோ 'ஆ' என்றோ ஆக்கிவிடும். சிங்களத்தில் அந்த ஒலிக்குத் தனி எழுத்தே உண்டு. கண்ணுக்கு அவர்கள் சொல்லும் சொல் அந்த ஒலியில்தான் தொடங்கும். கண்ணைத் தொட்டுக்காட்டிச் சிங்களத்தில் சொல்லவைத்துவிட்டு, அதே வாயோடு ஆங்கிலத்துக்குப் போங்கள். இதற்காகவே இரண்டு மொழி ஆசிரியர்களும் ஒரு தேத்தண்ணி நேரம் சேர்ந்து உட்காரலாம்.

6. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாக யாத்திரிகர் பஸ் பஸ்ஸாகப் போவார்கள். மலையேறுகிறவர்கள் ஒருவருக்கொருவர் 'கருணாவய்' சொல்லுவார்கள், கடையில் 'கீயத?' என்று விலை கேட்பார்கள். திங்கட்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு சிங்களச் சொல் கொண்டுவரச் சொல்லுங்கள். சில சொற்கள் வகுப்பில் சொல்லக்கூடாததாக இருக்கும். முகத்தை மாற்றாமல் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுங்கள்.

7. மே மாதத்துக்குப் பிறகு தகரக் கூரையில் மழை விழுந்தால் உங்கள் தொண்டைக்கு வேலையில்லை. நீங்கள் நடித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் கத்தட்டும்.

8. தரம் நான்கு முடியும்போதே புலமைப்பரிசில் காய்ச்சல் பிடிக்கும். பழைய வினாத்தாள் செய்யவேண்டும் என்று அதிபர் உங்கள் பாடவேளையைக் கேட்பார். பிள்ளையின் நன்மைக்குத்தான் கேட்கிறார், கொடுத்துவிடுங்கள். காலைப் பத்து நிமிடத்தை மட்டும் நேர அட்டவணையில் எழுதிக் காட்டாதீர்கள். எழுதினால் அதையும் கேட்பார்.