ஓட்டல் திறந்தால் ஊர் எழுமா?

அன்புள்ள யாழினி,

டெட்ராய்டில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படிக்க உனக்கு இடம் கிடைத்திருப்பதாக உன் அப்பா போனில் சொன்னான். மனசு நிறைந்துவிட்டது. மறுநாளே உன் கேள்வியும் வந்தது: "டவுன்டவுனில் புதுப் புது ஓட்டல்கள் வந்ததால்தான் டெட்ராய்ட் மீண்டது என்கிறார்கள். சாப்பாட்டுக் கடையால் ஒரு ஊர் மீளுமா, பெரியப்பா?" நீ படிக்கப்போகும் படிப்புக்கே அடிப்படையான கேள்வி இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊர் எப்படி விழுந்தது என்று தெரிந்துகொள். 1950 கணக்கெடுப்பில் டெட்ராய்டின் மக்கள்தொகை 18.5 லட்சம். 2020ல் 6.4 லட்சத்துக்கும் குறைவு. கார்த் தொழிற்சாலைகள் வெளியேறின. புதிய நெடுஞ்சாலைகள் வழியாக வசதி படைத்த வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். 1967ல் ஊரில் நடந்த கலவரத்துக்குப் பின் அந்த ஓட்டம் இன்னும் வேகம் பிடித்தது. உட்வர்ட் அவென்யூவில் ஊருக்கே அடையாளமாக நின்ற ஹட்சன்ஸ் பல்பொருள் அங்காடி 1983ல் மூடப்பட்டது. 1998ல் அந்தக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2013 ஜூலையில் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் அதற்குமுன் அவ்வளவு பெரிய நகரம் திவாலானதில்லை.

இப்படிக் காலியான வீதிக்கு முதலில் திரும்பி வருவது பெரும்பாலும் ஓட்டல்தான். காரணம் எளிது. துணியை, செருப்பை, போனை வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம். நாலு பேரோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட நேரில் போய்த்தான் ஆக வேண்டும். நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்று தெரிந்தால், போகப் பயந்த தெருவுக்கும் ஆட்கள் போவார்கள்.

ஆனால் முதலில் வருகிறவர் படும் பாட்டையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் ஓட்டல் வைப்பதாக நினைத்துக்கொள். அடுப்புப் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். மேலே எட்டு மாடி இருந்தால், உலோகக் குழாய் அந்த எட்டு மாடியையும் கடந்து ஏற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம் என்பதால் அதற்குத் தீ தாங்கும் உறை போட வேண்டும், உள்ளே சுத்தம் செய்ய ஆங்காங்கே சிறு கதவுகள் வைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் நீரிலுள்ள கொழுப்பு சாக்கடையை அடைக்காமல் இருக்கத் தனித் தொட்டி வேண்டும். முதல் தட்டு பரிமாறுவதற்குள் பெரும்பணம் சுவருக்குள்ளே போய்விடும். அந்த ஓட்டல் மூடிப்போனால், அடுத்து வருகிறவருக்கு இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். புதுக்கடை திறக்க அரசு செய்யும் உதவி இந்த முதல் செலவைக் குறைக்கிறதா, வெறும் திறப்பு விழாவோடு நின்றுவிடுகிறதா என்று நீ வகுப்பில் கேட்க வேண்டும்.

டெட்ராய்டில் அப்படித் துணிந்து வந்தவர்களில் பெயர்பெற்றது ஸ்லோஸ் பார்பிக்யூ. டவுன்டவுனுக்கு மேற்கே கார்க்டவுன் பகுதியில், மிச்சிகன் அவென்யூவில், 2005ல் ஃபிலிப் கூலியும் கூட்டாளிகளும் அதைத் திறந்தார்கள். எதிரே மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். 1913ல் கட்டிய அந்தப் பிரம்மாண்டக் கட்டடத்திலிருந்து 1988 ஜனவரியில் கடைசி ரயில் கிளம்பியது. அதன்பின் கண்ணாடி உடைந்து, செம்பும் பளிங்கும் திருடு போய், நகரத்தின் வீழ்ச்சியைக் காட்டப் பத்திரிகைகள் படம் எடுக்கும் இடமாகவே அது ஆகிப்போனது. அந்தப் பாழடைந்த கட்டடத்துக்கு எதிரே, புகையில் பல மணி நேரம் வாட்டிய இறைச்சியைச் சாப்பிட மக்கள் வரிசையில் நின்றார்கள். சுற்றிலும் வேறு கடைகள் முளைத்தன. 2018ல் ஃபோர்டு நிறுவனம் ரயில் நிலையத்தை வாங்கியது. பழுதுபார்த்து 2024 ஜூனில் திறந்தது.

இதைப் படித்துவிட்டு ஓட்டல்தான் ரயில் நிலையத்தைத் திறந்தது என்று முடிவு கட்டிவிடாதே. இரண்டுக்கும் நடுவே 19 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் டவுன்டவுனில் வேறு பல காரியங்கள் நடந்தன. 2004ல் கேம்பஸ் மார்ஷியஸ் பூங்காவைத் திறந்தார்கள். காசு கொடுக்காமல் உட்கார நாற்காலி, நிழல், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் என்று எல்லாருக்குமான இடம் கிடைத்தது. 2010ல் தொழிலதிபர் டான் கில்பர்ட் தன் குயிக்கன் லோன்ஸ் நிறுவனத்தைப் புறநகரிலிருந்து டவுன்டவுனுக்குக் கொண்டுவந்தார். பிறகு பழைய கட்டடங்களை வரிசையாக வாங்கினார். காலி அலுவலக மாடிகள் வீடுகளாயின. 2017ல் உட்வர்ட் அவென்யூவில் க்யூலைன் டிராம் ஓடத் தொடங்கியது. வேலை, வீடு, பூங்கா, போக்குவரத்து நான்கும் சேர்ந்து, வீதியில் நடமாடும் ஆட்களைக் கொண்டுவந்தன. அந்த ஆட்களால்தான் ஓட்டல்கள் நிலைத்தன.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே ஊரில் உண்டு. 2017ல் லிட்டில் சீசர்ஸ் விளையாட்டரங்கம் பெரும் பொதுப்பணத்தின் துணையோடு திறக்கப்பட்டது. சுற்றிலும் வீடும் கடையும் ஓட்டலுமாகப் புதிய பேட்டைகள் எழும் என்று உறுதி சொன்னார்கள். ஆண்டுகள் பல ஓடியும் அந்த நிலத்தில் பெரும்பகுதி கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது. ஆட்டம் உள்ள நாளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாள் வெறிச்சோடும். திருவிழாக் கூட்டத்தை நம்பி எந்த ஓட்டலும் வருஷம் முழுக்க வாடகை கட்ட முடியாது. செவ்வாய்க்கிழமை மதியம் மேசை நிறைகிறதா என்பதுதான் கணக்கு. கொரோனாவுக்குப் பின் அலுவலகக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதும், மதியச் சாப்பாட்டை மட்டும் நம்பிய கடைகள்தான் முதலில் ஆட்டம் கண்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாழினி. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். "யாருமே இல்லாத இடத்தில் புது ஓட்டல் வந்தது" என்று எழுதுவதை நம்பாதே. யாரோ எப்போதும் அங்கே இருந்திருக்கிறார்கள். டவுன்டவுனில் லஃபாயெட், அமெரிக்கன் என்று இரண்டு கோனி ஐலண்ட் கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. கிரேக்கத்திலிருந்து வந்த குடும்பத்தார் தொடங்கியவை. கோனி என்றால் பன்னுக்குள் சாசேஜ், அதன்மேல் கொத்துக்கறிக் குழம்பு, கடுகு விழுது, நறுக்கிய வெங்காயம், அவ்வளவுதான். ஹட்சன்ஸ் மூடியபோதும், நகராட்சி திவாலானபோதும் அந்த வீதியில் அவை சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தன.

அந்தக் கடைக்காரர்களாவது நிலைத்தார்கள். டவுன்டவுனுக்குக் கிழக்கே ஹேஸ்டிங்ஸ் தெருவை நடுவாகக் கொண்டு பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பின மக்களின் குடியிருப்புகள் இருந்தன. அவர்களே நடத்திய ஓட்டல்களும் இசை விடுதிகளும் நிறைந்த இடம். நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1950களிலும் 60களிலும் அவற்றை இடித்து நெடுஞ்சாலை போட்டார்கள். பிழைத்து நடந்த ஒரு கடைவீதியை அரசே அழித்தது. அந்த அநியாயத்தை மறந்துவிட்டு மறுமலர்ச்சி பேசுவது நேர்மையாகாது.

புதிதாக வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பதிலும் நேர்மை வேண்டும். புருண்டி நாட்டிலிருந்து அகதிகளாக வந்த நாடியா நிஜிம்பெரே, ஹமிஸ்ஸி மம்பா தம்பதி, சிறு தொழில்களுக்கான ஹாட்ச் டெட்ராய்ட் போட்டியில் 2017ல் பரிசு வென்றார்கள். 2021ல் க்யூலைனின் வடக்குக் கோடிக்கு அருகே பயோபாப் ஃபேர் என்ற ஓட்டலைத் திறந்தார்கள். இன்று கிழக்கு ஆப்பிரிக்கச் சாப்பாட்டுக்காக அதைத் தேடி வருகிறார்கள். கையில் முதல் இல்லாதவருக்கும் கதவு திறந்தால்தான் ஊர் மீண்டது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

2023ல் டெட்ராய்டின் மக்கள்தொகை கொஞ்சம் கூடியது என்று கணக்கெடுப்புத் துறை மதிப்பிட்டது. 1957க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஓட்டல் திறந்த எண்ணிக்கையைவிட இந்தச் செய்திக்கு மதிப்பு அதிகம். உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஓட்டல் ஊரை எழுப்பாது, எழ முயலும் ஊரில் முதலில் துணிகிறவர் ஓட்டல்காரர். அந்தத் துணிவு வீணாகாமல் காப்பது திட்டமிடுகிறவர்களின் கடமை. நாளை அது உன் கடமை.

அங்கே போனதும் இரண்டு காரியம் செய். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உட்வர்ட் அவென்யூவில் நடந்து, எந்தக் கடையில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார். பிறகு பாத்திரம் கழுவுகிறவர், பரிமாறுகிறவர் யாரிடமாவது பேசு. நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் உங்களால் குடியிருக்க முடிகிறதா என்று கேள். அவர்கள் சொல்லும் பதிலைக் குறித்துவைத்துக்கொள். பின்னாளில் நீ போடும் எந்தத் திட்டத்திலும் அதை விட்டுவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா