வால்பக்கம் இறங்கிய லேத்

காரைக்காலில் லேத் பட்டறை வைத்தவனுக்கு வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14-க்குள் வர வேண்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், புரொப்பல்லர் ஷாஃப்ட் வேலை குவியும். அதற்காகவே பத்தடி பெட் உள்ள பழைய லேத்தைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். புதுசு வாங்கியிருக்கலாமே என்று இன்றும் கேட்கிறார்கள். என் காசுக்குப் புதுசில் ஆறடிதான் கிடைத்திருக்கும், அதில் ஷாஃப்ட் ஏறாது. பழசு வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. சக்குக்குப் பக்கத்து ஓரடி பெட்டை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள், தேய்மானம் அங்கேதான் முதலில் விழும். திரி பேஸ் லைன், லாரி, கிரேன் எல்லாம் தானாக நடந்துவிடும்.

நான் கெட்டது தரையில். எடையெல்லாம் ஹெட்ஸ்டாக் பக்கம்தானே என்று அங்கே மட்டும் மூன்றடி தோண்டிக் கான்கிரீட் போட்டேன். டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால்களைப் பழைய சிமெண்டுத் தரையிலேயே நிறுத்தினேன். "ரெண்டு டன் மெஷின் சார், தன்னால உட்காந்துக்கும்" என்றார் விற்றவரின் ஆள். அதை நம்பியதற்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நம்முடையது டெல்டாக் களிமண். ஐப்பசி மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மாசியில் நிறுத்திய மெஷின், சித்திரை வெயிலில் வால்பக்கத்து முன்காலில் மயிரிழை இறங்கியது. பெட் முறுக்கிக்கொண்டது. முதல் ஷாஃப்டிலேயே வால்முனை 0.2 மில்லிமீட்டர் பருத்து வந்தது. டெயில்ஸ்டாக் விலகியிருக்கிறது என்று அதை நகர்த்தினேன். அந்த ஷாஃப்ட் சரியானது, அடுத்த குட்டை ஷாஃப்டில் மறுபடி டேப்பர். மூன்று வாரம் டெயில்ஸ்டாக் ஸ்குரூக்களோடு மல்லுக்கட்டினேன். ஒரு படகுக்காரர், "தம்பி, ஒரு பக்கம் பிடிக்குது, ஒரு பக்கம் ஆடுது" என்று ஷாஃப்டைப் படியில் போட்டுவிட்டுப் போனார்.

நாகூரிலிருந்து வந்த வயசான டர்னர் அண்ணன் டெயில்ஸ்டாக்கைத் தொடவே இல்லை. ஒரு கோட்டுக்கு, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் மெஷின் லெவலைச் சக் பக்கம் பெட்டின் குறுக்கே வைத்தார். குமிழி நடுவில். வால்பக்கம் வைத்தார். குமிழி கடைசிக் கோட்டையும் தாண்டி ஓடியது. நான் மட்டம் பார்த்ததோ கொத்தனார் ரசமட்டத்தில். பிறகு சக்கில் மட்டும் இரண்டு அங்குலக் கம்பியைப் பிடித்து, இரண்டு காலர் விட்டு, ஒரே கட்டிங்கில் கடைந்து மைக்ரோமீட்டரில் அளந்தார்; இரண்டும் ஒன்றாக இல்லை. "பெட்டு முறுக்கியிருக்கு தம்பி. தரையைப் பாரு."

மீதி சீசன் போனது. பத்தடிக்கும் ஒரே குழி வெட்டிக் களியை அள்ளி, மணலும் ஜல்லியும் கொட்டித் திமிசு போட்டு இடித்து, கம்பி கட்டி ஒரே கட்டாகக் கான்கிரீட் போட்டேன். 28 நாள் ஆகும் முன் மெஷினை ஏற்றவில்லை. சுற்றியுள்ள தரையோடு ஒட்டாமல் இடைவெளி விட்டேன். லேத்துக்கா, மாடி வீட்டுக்கா என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். கேட்கட்டும்.

தடைக்காலத்துக்கு முன் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை லெவல் வைக்கிறேன். போன தடவை வால்பக்கம் அரைக்கோடு தள்ளியிருந்தது, லெவலிங் போல்டை ஒரு பொட்டு திருப்பியதும் நடுவுக்கு வந்தது. ஷாஃப்டைப் படியில் போட்டுப் போன படகுக்காரர் மட்டும் இன்னும் நாகப்பட்டினத்துக்குத்தான் போகிறார்.