குதிகால் வலியும் கொழுந்து மலையும்

கேள்வி: நாவலப்பிட்டியில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பல மாதங்களாகக் குதிகால் வலி. வேலையை விடாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: காலையில் லயத்து வாசலில் வைக்கும் முதல் அடியிலேயே குத்தி, சற்று நடந்ததும் தணிந்து, மாலையில் மீண்டும் எழும் வலி, பெரும்பாலும் குதியெலும்பிலிருந்து விரல்கள்வரை ஓடி உள்ளங்கால் வளைவைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை நைந்துபோவதால் வருவது. கொழுந்துச் சுமையோடு செங்குத்தான மலையில் ஏறும்போது குதிகால் தாழ்ந்து கெண்டைத்தசை இறுகுவதால் அப்பட்டை மேலும் இழுபடுகிறது. தேய்ந்த ரப்பர் செருப்பு அதற்குத் துணை நிற்பதில்லை. எழுந்து நடக்குமுன் கால்விரல்களைக் கையால் முன்காலை நோக்கி இழுத்து 10 வினாடிகள் வீதம் 10 முறை பிடித்து, அதை நாளுக்கு 3 தடவை செய்வதும், குதிப்பகுதி தடித்த செருப்பு அணிவதும் வலிமாத்திரையைவிட நிலைத்த பயன் தருபவை; பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் வலி தணிகிறது. வலியால் வேலை மந்தமாவதைச் சோம்பல் என்று எண்ணி மேலும் வேலை ஏவுவது கொடுமை. பாதம் மரத்துப்போனாலோ வீங்கினாலோ, நீரிழிவு இருந்தாலோ, தாமதிக்காமல் நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.