குறைந்த செலவில் ஒலிப்பதிவு

பாட்டோ பாட்காஸ்ட்டோ வீட்டிலேயே பதிவு செய்ய நினைப்பவர்கள் 'ரீப்பர்' மென்பொருளைப் பார்க்கலாம். வின்ஆம்ப் மியூசிக் பிளேயரைத் தந்த ஜஸ்டின் ஃப்ராங்கெல் என்பவரின் கைவண்ணம் இது. முழு வசதிகளோடு 60 நாள் இலவசமாகப் பழகலாம்; பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். சுமாரான லேப்டாப்பே போதும்.

இதில் எனக்குப் பிடித்தது 'ரியாஃபிர்' என்ற பிளக்-இன். ஃபேன் இரைச்சலைக் குறைக்கும். பேசத் தொடங்குமுன் சில நொடி சும்மா இருந்து அறைச் சத்தத்தை மட்டும் பதியுங்கள். டிராக்கில் ரியாஃபிரைச் சேர்த்து, 'சப்ட்ராக்ட்' முறைக்கு மாற்றி, நாய்ஸ் புரொஃபைல் கட்டத்தில் டிக் செய்து, அந்தப் பகுதியை மட்டும் ஓடவிடுங்கள். பேச்சு வருமுன் டிக்கை எடுத்துவிடுங்கள். மறந்தால் உங்கள் குரலையும் இரைச்சல் என்று எண்ணிக் கழித்துவிடும்!

பதிவை வெட்ட 'எஸ்' விசை. எத்தனை வெட்டினாலும் மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

குறை? தபலா, வீணை போன்ற வாத்திய ஒலிகள் கூடவே வராது. தனியே தேட வேண்டும். தோற்றமும் கொஞ்சம் வறட்சிதான்.

ஹெட்ஃபோனில் உங்கள் குரல் தாமதமாகக் கேட்டால் பஃபர் அளவை 128-க்குக் குறையுங்கள். மிக்சிங்கின்போது ஒலி திக்கினால் 1024-க்கு ஏற்றுங்கள்.