கீழே இறங்காத கோடவுன்

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் லோரி ஓட்டிய பெரியவர் யாரிடமாவது 'கோடவுன்' எப்படி வந்த சொல் என்று கேட்டுப் பாருங்கள். "கோ... டவுன். கீழே போ! வெள்ளைக்காரன் சரக்கைக் கீழ்த்தளத்தில் அடுக்கினான், அதனால் வந்த பெயர்" என்று சட்டென்று சொல்லிவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வெள்ளம் ஏறும் ஆற்றங்கரை ஊரில் எந்த வியாபாரி சரக்கைத் தரைக்கு அடியில் கொண்டுபோய் வைப்பான்?

உண்மை வேறு. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்குக் கடல்களில் வாணிபம் செய்த ஐரோப்பியர் வாயிலாக ஆங்கிலத்துக்குப் போன மலாய்ச் சொல் இது. மலாயில் 'குடாங்', இன்னொரு வடிவம் 'கெடுங்'. அந்த மலாய்ச் சொல்லின் வேர் தென்னிந்தியாவில் இருக்கிறது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியே இதைச் சொல்கிறது. பொருள் கிடக்கும் இடம் கிடங்கு. அவ்வளவுதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கிய கையோடு கொஞ்ச தூரம் நடந்தால் 'கெடுங் ராஜா அப்துல்லா' வரும். அம்பாங் காட்டில் ஈயம் தோண்ட 1857இல் 87 சீனத் தொழிலாளர்களை அனுப்பிய அதே ராஜா அப்துல்லா, அதே ஆண்டில் கட்டியது. ஈயமும் உணவும் ஆயுதமும் அதில் இருந்தன. கோலாலம்பூர் என்ற ஊர் முளைத்த கதையே அந்தச் சுரங்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட கட்டடத்தின் பெயர்ப்பலகையில் நம் கிடங்கு மலாய் வேடத்தில் நிற்கிறது.

'குடோனுக்குத் தமிழாக்கம்தான் கிடங்கு' என்பாரும் உண்டு. தலைகீழ்! சங்க இலக்கியத்திலேயே கிடங்கு இருக்கிறது, ஆனால் அங்கே அது கோட்டையைச் சுற்றிய அகழி. சரக்கறை என்ற பொருள் பிறகு சேர்ந்தது. ஊர் சுற்றிவிட்டுக் குடோனாகத் திரும்பி வந்த பிள்ளையை அடையாளம் தெரியாமல் விருந்தாளி என்கிறோம்.

அதற்காக மார்தட்டவும் வேண்டாம். தெலுங்கிலும் 'கிட்டங்கி' உண்டு. மலாய்க்குக் கொடுத்தது தமிழா தெலுங்கா என்பதில் அறிஞர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு உறவினர் வீட்டுக் 'காம்பவுண்டு சுவர்' இருக்கிறதே, அந்தக் காம்பவுண்டு நம் ஊர் மலாய்க் 'கம்போங்' என்றே பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் காரைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டு வந்தால் கண்ணாடியில் செருகியிருக்குமே 'கம்பவுண்ட்', அதற்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. அது லத்தீன் வழி வந்தது. கட்டியே ஆக வேண்டும்.