பெட்டிக்குள் ஒரு புற்று

'கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல' என்பது பிறர் உழைப்பைப் பறிப்பவரைச் சாடும் பழமொழி. ஆயினும், பாம்பு அங்கே குடிபுகத் தக்க காரணம் உண்டு. வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றின் உட்புறம் ஈரம் காயாமல் குளிர்ச்சியாக இருக்கும்.

மலேசியாவில் சிலர் செல்லப்பிராணியாக வளர்க்கும் பந்து மலைப்பாம்பும் புற்றுவாசிதான். அச்சமுற்றால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அதற்கு இப்பெயர். கானா, டோகோ, பெனின் முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் அது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. இதனை வாங்க நினைப்போர் முதலில் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் உரிமம் பற்றிக் கேட்டறிய வேண்டும். சிங்கப்பூரிலோ வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதியே இல்லை.

பாம்பு ஒரு குளிர் இரத்தப் பிராணி. இரை செரிப்பதற்கு அது வெதுவெதுப்பான இடத்தை நாடும். உடல் சூடேறினால் குளிர்ந்த இடத்திற்கு நகரும். ஆகவே, பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலும், மறுமுனை 25 முதல் 27 பாகை வரையிலும் இருப்பது நல்லது. இரு முனைகளிலும் மறைவிடம் தேவை. ஒரு முனையில் மட்டும் மறைவிடம் இருந்தால், பாம்பு பயத்தால் அங்கேயே முடங்கிவிடும்.

குளிர்நாட்டு நூல்கள் பெட்டியைச் சூடாக்கும் வழிகளையே விரிவாகக் கூறுகின்றன. நம் நாட்டுச் சிக்கல் வேறு. நண்பகலில் பூட்டிய அறை 32 பாகையைத் தாண்டினால், பெட்டியில் குளிர்ந்த முனை என்பதே இல்லாமல் போகும். பாம்பு எங்கே நகரும்? எனவே, வெயில் விழும் சன்னலோரத்திலும் தகரக் கூரையின் கீழும் பெட்டியை வைக்கக்கூடாது. இரவிலோ குளிரூட்டி அறையின் வெப்பத்தோடு ஈரத்தையும் குறைத்துவிடுகிறது. குளிர்ந்துபோன பாம்புக்கு இரை செரிக்காது. அது வாந்தி எடுக்கும். மூச்சுவிடும்போது சீழ்க்கை ஒலியும் கேட்கலாம். குளிரூட்டி உள்ள அறையில் பெட்டியின் ஒரு பகுதிக்கு வெப்பவிரிப்பு தேவைப்படும். அதனோடு வெப்பக் கட்டுப்படுத்தியைக் கட்டாயம் இணைக்க வேண்டும். விரிப்பு அளவுமீறிச் சூடானாலும் பாம்பு விலகாமல் கிடந்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கலாம். ஈரக் காற்று வேண்டும் என்பதற்காகத் தரையை நனைத்து வைப்பது தவறு. காற்றோட்டமில்லாத பெட்டியில் நனைந்த தரைமேல் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகிப்போகும். தேங்காய் நார்த்தூளும் அகன்ற தண்ணீர்க் கிண்ணமும் பெரும்பாலும் போதும்.

கண்கள் பால் படர்ந்தாற்போல் மங்கினால், பாம்பு சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது ஈரப்பதத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். காற்று வறண்டிருந்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழியும். கண்ணை மூடிய படலமும் ஒட்டிக்கொள்ளும். அதைக் கையால் பிய்த்தால் கண்ணே பாழாகலாம். ஈரப் பாசி நிரப்பிய சிறு பெட்டியை உள்ளே வைத்துப் பார்க்கலாம். அப்போதும் கழலாவிட்டால் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.