இடம் மாறும் புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

கிலோவைக் கிராமாக்கப் பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா என்று மனப்பாடம் செய்யாதே. மனப்பாடம் தேர்வு அறையில் காலை வாரிவிடும். அலகை மாற்றும்போது பொருள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சின்ன அலகால் எண்ணினால் எண்ணிக்கை பெருகும், பெரிய அலகால் எண்ணினால் சுருங்கும். இவ்வளவுதான் சூத்திரம், பெருக்கலும் வகுத்தலும் இதிலிருந்து தாமாக வரும்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் சாலையில் நின்று நிமிர்ந்தால் தெரிகிற மலையையே எடுத்துக்கொள். உச்சியில் கார்த்திகை தீபக் கொப்பரைக்கு ஓராண்டுக்குச் சுமார் 3,500 கிலோ நெய் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கு. அதே நெய் 3.5 டன், 35 குவிண்டால், 35,00,000 கிராம். நான்கிலும் முப்பத்தைந்து அப்படியே நிற்கிறது, புள்ளியும் பூஜ்ஜியங்களும்தான் நகர்கின்றன. இனி உன் கொள்ளுத்தாத்தா காலத்து எடையில் போட்டுப் பார். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. அந்த நெய் 2,500 வீசை ஆகிறது. பலமாக்கினால் 1,00,000. மணங்காக்கினால் 312 மணங்கும் மிச்சம் 4 வீசையும். ஒரு படிக்கு 40, அடுத்த படிக்கு 8 என்று ஏறுவதால் ஒவ்வொரு முறையும் எண்ணே ஆள் மாறிப்போகிறது. போதாததற்கு ஊருக்கு ஊர் எடையும் வேறு. 1956-இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைக்கற்களைப் படிப்படியாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது வீண் வேலையல்ல. (பாடநூல் அடுக்கும் ஹெக்டோகிராம், டெக்காகிராமை எந்தக் கடையிலும் கேட்க மாட்டாய். பத்துப் பத்தாய் ஏறும் படிகள் அவை என்று தெரிந்தால் போதும்.)

பாதி பாதியாகப் பிரிக்கப் பழைய அளவே வசதி என்பார்கள் பெரியவர்கள். 8 வீசை 4 ஆகும், 2 ஆகும், 1 ஆகும்; உண்மைதான். ஆனால் அந்த வசதி கிலோவுக்குள்ளும் இருக்கிறது: அரை கிலோ 500 கிராம், கால் 250, அரைக்கால் 125. கோயிலில் தீபத்துக்கு நெய்க் காணிக்கை செலுத்துவதும் ஒரு கிலோ, அரை, கால் என்ற கணக்கில்தான். அதிலும் பாதியான மாகாணிக்கு வந்தால் 62.5 என்று இடறும், ஒப்புக்கொள்கிறேன். மாகாணி கிலோ கேட்டு இன்று யார் கடைக்குப் போகிறார்கள்?

கைப்பேசியே மாற்றித் தருமே என்று நீ கேட்கலாம். தரும், தவறான பொத்தானை அழுத்தினால் தவறான விடையையும் அதே வேகத்தில் தரும். 250 கிராமைக் கிலோவாக்க 1,000-ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டால் 2,50,000 கிலோ வரும். ஒருவர் செலுத்திய கால் கிலோ நெய் எழுபது ஆண்டுத் தீபத்துக்குப் போதும் என்று பொருள். அதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிய வேண்டியது நீதான், கருவி சிரிக்காது.

ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இரு. 1 கிலோ 50 கிராம் என்பது 1.050 கிலோ. 1.5 என்று எழுதினால் 450 கிராம் கூடிவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன்